முக்கால் நீரும் கால் காற்றும்

டிராக்டரின் பின்சக்கரத்தைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப் பார்த்து, உள்ளே இருப்பது வெறுங் காற்றா, நீரும் காற்றுமா என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் பால பாடம். வெறுங் காற்று நிரம்பிய டயர் உச்சி முதல் அடி வரை ஒரே சீராகக் கணீரென்று ஒலிக்கும்; நீர் உள்ள டயரோ உச்சியில் கணீரென்றும், சற்றுக் கீழே இறங்கியதும் நனைந்த மண்சுவரைத் தட்டினாற்போல் மொத்தென்றும் ஒலிக்கும். ஒலி மாறுகிற அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்தால், அதுவே உள்ளே நிற்கும் நீரின் மட்டம். சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதினால் கண்டுவிடுகிறார்களே, அந்த வித்தைதான் இதுவும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விழுப்புரத்தில் டயர்க் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். ஊரார் அனைவரும் அவரை மேஸ்திரி என்றே அழைத்தார்கள். நானும் அவ்வாறே அழைத்தேன். பதினைந்து வயதில், 1974ஆம் வருஷத்தில், அவரிடம் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருஷங்கள் அவருடன் இருந்துவிட்டு, 1986இல் திண்டிவனத்தில் சொந்தமாகக் கடை வைத்தேன். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சாலைதான் என் வாழ்நாள் முழுவதற்கும் பள்ளிக்கூடமாக இருந்தது.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பகுதி கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு ஜில்லாவில் அடங்கியிருந்தது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993ஆம் வருஷம் செப்டம்பர் 30ஆம் தேதிதான். ஜில்லா ஒன்றே ஆனாலும் மண் ஒன்றல்ல. திண்டிவனத்தைச் சுற்றிலும் செம்மண் மேட்டுநிலம். மணிலாக்கொட்டையும் எள்ளும் அங்கே பிரதானம். அவ்வூரில் எண்ணெய் வித்துக்களுக்கென்றே அமைந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த டி.எம்.வி. ரகங்களின் பெயரில் இருப்பதே திண்டிவனத்தின் பெயர்தான். 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்ற மணிலா ரகம் தேசத்தின் பல மாகாணங்களிலும் பரவியது. தெற்கே தென்பெண்ணைக் கரையை நெருங்க நெருங்க நெல்லும் கரும்பும் மிகுதி. முண்டியம்பாக்கம் ஆலைக்கும் பெரியசெவலை ஆலைக்கும் கரும்பு ஏற்றிச் செல்லும் டிரெய்லர்கள், தை பிறந்ததும் இரவு பகல் பாராமல் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். செம்மண்ணை ஆழ உழ வேண்டிய டிராக்டர் ஒன்று, சேற்றில் சேடை ஓட்ட வேண்டிய டிராக்டர் ஒன்று, கரும்புப் பாரத்தை இழுக்க வேண்டிய டிராக்டர் ஒன்று என்று தனித்தனியே வைத்துக்கொள்ள எந்தக் குடியானவரால் முடியும்? ஒரே வண்டி மூன்று வேலையையும் செய்தாக வேண்டும். அந்த நிர்ப்பந்தத்திலிருந்துதான் சக்கரத்துக்குள் நீர் நிரப்பும் எங்கள் வேலை பிறந்தது.

டிராக்டருக்கு ரப்பர்ச் சக்கரம் ஆதியிலிருந்தே இருந்ததன்று. முதலில் வந்தவையெல்லாம் இரும்புச் சக்கரங்கள். அவற்றின் விளிம்பிலே பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை மண்ணைப் பற்றும். ஆனால் சாலையில் ஏறினால் சாலையையும் கிழிக்கும், ஓட்டுகிறவரின் இடுப்பையும் ஒடிக்கும். 1932ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஆலிஸ் சால்மர்ஸ் கம்பெனியார் ஃபயர்ஸ்டோன் ரப்பர் டயர்களைத் தங்கள் டிராக்டருக்குப் பூட்டிக் காட்டிய பின்னரே, காற்றடைத்த சக்கரம் வயலுக்குள் இறங்கியது. நம் பக்கத்தில், 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிற்பாடு டயர் செய்யலாயிற்று. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்து கொடுத்தது. நான் தொழிலுக்கு வந்தபோது எங்கள் கடை வாசலில் நின்றவற்றுள் பெரும்பாலானவை அந்தச் சிவப்பு வண்டிகளே.

ரப்பர்ச் சக்கரத்தில் சொகுசு உண்டு. ஆனால் கனம் போதாது. கொழுமுனை ஆழ இறங்கி மண் எதிர்த்து இழுக்கும்போது, கனமில்லாத சக்கரம் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே சுழலும். எண்ணெய் வீணாகும், டயரின் பட்டன் தேயும், நேரமும் போகும். இதற்குப் பரிகாரமாகச் சக்கரத்தின் பக்கவாட்டில் வார்ப்பிரும்பு எடைகளைப் பூட்டலாம். ஆனால் இரும்பை விலை கொடுத்து வாங்க வேண்டும். நீரோ ஏரியில் கிடைக்கிறது. 13.6-28 என்று எண் பொறித்த டயரின் டியூபில் முக்கால் பங்கு நீர் பிடித்தால், ஒரு பக்கத்துக்கு நூற்றைம்பது லிட்டருக்குக் குறையாமல் கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆகவே, இரண்டு பக்கமுமாக முந்நூறு கிலோ கனம், பணச் செலவின்றி வண்டியின் பின்பாகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அது அச்சையோ பேரிங்கையோ அழுத்தாமல், டயர் வழியாக நேரே மண்ணில் இறங்குவதுதான் இதிலுள்ள விசேஷம்.

நீர் பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, வால்வு நேர் உச்சிக்கு வரும்படி சுற்றி நிறுத்த வேண்டும். டிராக்டர் வால்வு சைக்கிளின் வால்டியூபைப் போன்றதன்று. 1890களில் அமெரிக்காவில் ஷ்ரேடர் குடும்பத்தார் உண்டாக்கிய வால்வின் வம்சத்தில் வந்ததாயினும், இதற்கு இரட்டைக் கட்டு உண்டு. வெளியே தடித்த பித்தளைக் குழல், அதனுள்ளே திருகி உட்காரும் சிறு குழல், அந்தச் சிறு குழலுக்குள் வில்லோடு கூடிய மெல்லிய பின். காற்று மட்டும் பிடிப்பதானால் பின் இருந்தபடியே பிடிக்கலாம். நீர் பிடிக்க வேண்டுமானால் உட்குழலையே கழற்றிவிட வேண்டும். அப்போது பென்சில் நுழையும் அளவுக்கு வழி திறக்கும். அந்த வழியில் ஹோஸைச் செருகி, உயரமான மேடையில் வைத்த பீப்பாயிலிருந்து நீரை இறக்குவோம். உள்ளே போகும் நீருக்கு உள்ளே இருக்கும் காற்று வழிவிட வேண்டும் அல்லவா? ஆகையால் இடையிடையே ஹோஸை எடுத்துவிட்டுக் காத்திருப்போம். உஸ்ஸென்று காற்று வெளியேறும். மூச்சு அடங்கியதும் மீண்டும் ஹோஸைச் செருகுவோம். அவசரப்பட்டவனுக்கு இந்த வேலை வராது. நீர் மட்டம் ஏறி ஏறி வால்வின் வாயை எட்டியதும் வழிந்து திரும்பி வரும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வால்வு உச்சியில் நிற்கும்போது நீர் ரிமின் மேல் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தால், அது டயரின் கொள்ளளவில் சரியாக முக்கால் பங்கு. அளக்கப் படியும் வேண்டாம், மரக்காலும் வேண்டாம். வால்வே அளவுகோலாக நின்று போதும் என்று சொல்லிவிடுகிறது.

மீதிக் கால் பங்கு எதற்கு என்று நான் ஒரு நாள் மேஸ்திரியைக் கேட்டேன். "முழுக்கத் தண்ணிய ரொப்பிட்டா அது டயர் இல்லடா தம்பி, பாறாங்கல்லு. காத்து அமுங்கிக் குடுக்கும், தண்ணி அமுங்காது" என்றார். கல் மேல் ஏறும்போது ஒடுங்கிக் கொடுப்பது அந்தக் கால் பங்குக் காற்றுதான். அது இல்லாவிட்டால் அதிர்ச்சி முழுவதும் டயரின் உள்நூலைத் தாக்கி அறுத்துவிடும். உட்குழலைத் திருகி மூடிய பிறகு அந்தக் கால் பங்கு இடத்தில் 12 முதல் 16 பவுண்டு வரையில் காற்றுப் பிடிப்போம். அதை அளக்கும்போதும் வால்வு உச்சியில்தான் நிற்க வேண்டும். கீழே நிற்கும்போது அளந்தால் நீரின் பாரமும் சேர்ந்து கணக்குப் பிசகும். நீர் புகுந்து கேஜும் கெட்டுப்போகும்.

நிரப்புவது ஒரு நாள் வேலை. எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று தீர்மானிப்பதில்தான் விவேகம் வேண்டும். உழவு நடக்கும் நிலத்தில் குனிந்து, டயர் பதித்த தடத்தைப் பார்க்கும்படி மேஸ்திரி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பட்டனின் தடம் அச்சில் வார்த்தாற்போல் ஒழுங்காக விழுந்திருந்தால் கனம் அதிகம். தடமே தெரியாமல் மண் அரைபட்டுக் கிடந்தால் கனம் போதாது. ஓரங்கள் தெரிய, நடுவில் மட்டும் மண் சற்றுக் கலைந்திருந்தால் கனம் சரியாக இருக்கிறது. செம்மண் உழவுக்கும் டிரெய்லர் இழுப்புக்கும் உதவுகிற அதே நீர், சேடை ஓட்டும்போது சத்துருவாகிவிடும். கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்கும் வண்டிக்கு வேண்டியது மிதப்பு. கனத்தோடு இறங்கினால் அச்சு வரைக்கும் புதைந்து, இன்னொரு டிராக்டர் வந்து இழுத்துவிட வேண்டிய நிலைமை உண்டாகும். ஆகையால் நாற்றங்கால் தயாராகும்போது நீரை இறக்கிவிட வேண்டும். வால்வைக் கீழே கொண்டுவந்து உட்குழலைக் கழற்றினால் பெரும்பகுதி தானே வடிந்துவிடும். வால்வுக்கும் கீழே தேங்கி நிற்பதை, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, காற்றைச் செலுத்தி வெளியே தள்ள வேண்டும். எங்கள் கடையில் நீர் பிடித்துக்கொண்டு போகிறவரிடம், எவ்வளவு பிடித்திருக்கிறது, எந்த மாதத்தில் இறக்க வேண்டும் என்ற இரண்டையும் சொல்லாமல் மேஸ்திரி அனுப்பியதில்லை. "சொல்லி அனுப்புடா" என்பது அவர் ஒரு நாளில் பத்துத் தடவை சொல்லும் வார்த்தை. அந்த வயதில் அதை வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை என்று மட்டுமே எண்ணினேன்.

எந்த நீரை நிரப்புவது என்பதும் சிந்திக்க வேண்டியதே. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தின் உப்பளங்களை நெருங்கிய கிராமங்களிலிருந்து வரும் வண்டிகளில் வால்வைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். பித்தளைக் குழலின் கழுத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதன் அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உள்ளே பின்னின் வில் துருப்பிடித்து மேலெழ மாட்டாமல் சிக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் செய்கிற வேலை அது. டியூபில் கசிவு கண்டால் அதே உப்பு நீர் ரிமையும் அரித்துவிடும். ஆகையால் மழைநீரோ ஏரிநீரோ கிடைக்கும் வரையில் காத்திருப்போமேயன்றி உவர்நீரைத் தொடமாட்டோம். ஏரிநீரானாலும் வேட்டித் துணியை நான்காக மடித்துப் பீப்பாயின் வாயில் கட்டி வடிகட்டியே விடுவோம். ஒரு முறை, காரணம் புரியாமல் கசிந்துகொண்டிருந்த ஒரு பின்னைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அதன் அடியிலுள்ள ரப்பர் வளையத்தில் கடுகில் பாதியளவு மணற்பருக்கை ஒன்று பதிந்து, ஒரு குழி உண்டாக்கியிருந்தது. அந்தக் குழியின் வழியாகவே பத்து நாட்களில் ஒரு டயரின் காற்று முழுவதும் போயிருந்தது.

அயல்நாடுகளில் இவ்வித்தைக்கு வேறு கஷ்டம் உண்டு. பனி உறையும் தேசங்களில் வெறும் நீரை நிரப்பினால் குளிர்காலத்தில் அது கட்டியாகிவிடும். அதற்காக அவர்கள் கால்சியம் குளோரைடு என்ற உப்பைக் கரைத்து நிரப்பினார்கள்; அது உறையாமலும் இருந்தது, நீரைவிடக் கனமாகவும் இருந்தது, ஆனால் சிறிது கசிந்தாலும் ரிமைத் தின்றது. இப்போது அமெரிக்காவில் சர்க்கரைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் சாற்றை நிரப்புகிறார்கள் என்று படித்தபோது, கரும்பு வண்டிகளோடு ஆயுளைக் கழித்த எனக்கு அது நெருங்கிய உறவினரைப் பற்றிய சேதி போலவே இருந்தது. நமக்கு உறைபனி இல்லை, ஏரிநீரே போதும். அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள்.

1978ஆம் வருஷம் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மேஸ்திரி கடலூர் போயிருந்த ஒரு நாள், வெளியூரில் கைமாறி வந்த ஒரு டிராக்டரைப் பஞ்சர் பார்க்கக் கொண்டுவந்தார்கள். வாங்கியவருக்கு அதன் பூர்வோத்தரம் தெரியாது. நானும் என்னோடு வேலை செய்த இன்னொரு பையனும், பெரியவர்கள் இல்லாத நேரத்தில் வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில், தட்டிக்கூடப் பார்க்காமல் ஜாக்கி கொடுத்துப் போல்ட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே இழுத்தோம். வெறுங் காற்றுள்ள சக்கரத்தை நாங்கள் இருவரும் பல தடவை உருட்டியதுண்டு. இது சற்றே சாய்ந்தது. சாய்ந்த கணத்தில் உள்ளே இருந்த நீர் முழுவதும் சாய்ந்த பக்கத்துக்குப் பாய்ந்தது. நாங்கள் நிமிர்த்த முயன்ற பலமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டாக இல்லை. மற்றவன் துள்ளி விலகிவிட்டான். என் இடது பாதத்தின் மேல் சக்கரம் விழுந்து இரண்டு விரல்கள் நொறுங்கின. இன்றும் மழைக்காலத்தில் அவை வலிக்கும். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த மேஸ்திரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கட்டிலின் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "தண்ணிய ரொப்புனவன் ஒரு வார்த்தை எழுதி வெச்சிருந்தா உன் காலு தப்பிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே வெள்ளைப் பெயிண்ட் டப்பா ஒன்றும் சிறு பிரஷ் ஒன்றும் கடைக்கு வந்தன. அன்று முதல் எங்களிடம் நீர் பிடித்த ஒவ்வொரு சக்கரத்திலும், வால்வுக்குப் பக்கத்தில் ரிமின் மேல் 'நீர்' என்று எழுதி, அதன் கீழே மாதத்தையும் வருஷத்தையும் குறித்து அனுப்பினோம்.

நான் தனிக்கடை வைத்த பிறகும் பெயிண்ட் எழுதுவதை விடவில்லை. ஆனால் எழுத்தைப் பற்றிக்கொண்டு, மேஸ்திரியின் வார்த்தையை ஒரு முறை கைவிட்டுவிட்டேன். அது 1989ஆம் வருஷம், பொங்கல் கழிந்த சமயம். மயிலத்துப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் இரவு எட்டு மணிக்கு வந்தார். விடியற்காலையில் கரும்பு ஏற்றிப் புறப்பட வேண்டும், நீர் பிடித்துத் தர வேண்டும் என்றார். கரண்ட் இல்லை. லாந்தர் வெளிச்சத்தில் இரண்டு சக்கரத்துக்கும் பிடித்தேன். வலப்பக்கத்து உட்குழலைத் திருகப் போகையில், அதன் தோளில் உட்கார வேண்டிய ரப்பர் வாஷர் காணவில்லை. காலணாக் காசு அகலம்கூட இல்லாத கறுப்பு வளையம், வாசலெங்கும் நீர் கொட்டிச் சேறாகிக் கிடந்தது, தேடியும் அகப்படவில்லை. கடையில் வேறு வாஷர் இல்லை. கட்டுக்கம்பி போல் இறுக்கித் திருகினேன். விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தேன்; கசிவு தெரியவில்லை. வால்வு உச்சியில் நின்றதால் நீர் அதைத் தொடவேயில்லை என்பது என் புத்திக்கு எட்டவில்லை. 'நீர், ஜனவரி 89' என்று அழகாக எழுதி அனுப்பிவிட்டேன்.

காலை எட்டரை மணிக்கு அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். "மேஸ்திரி, விக்கிரவாண்டிகிட்ட வண்டி நின்னுபோச்சு. ரோட்டுல தண்ணியாக் கொட்டிக் கெடக்குது. வந்து பாருங்க" என்றார். புது டியூபையும் லீவர்களையும் தூக்கிக்கொண்டு அவரோடு போனேன். நடந்தது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. வால்வு சக்கரத்தோடு சுழன்று கீழே வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு நீரும், மேலே போகும்போது ஒரு மூச்சுக் காற்றும் போயிருக்கின்றன. காற்று இறங்கியதும் ரிமைக் கவ்வியிருந்த டயரின் பிடி தளர்ந்தது. பின்னால் கரும்பு டிரெய்லர் இழுக்க, ரிம் ஒரு பக்கம் சுழல, டயர் பின்தங்கியது. டயரோடு டியூபும் பின்தங்கியது. ரிமின் துளையில் மாட்டிக்கொண்டிருந்த வால்வு மட்டும் எங்கே போகும்? முதலில் சாய்ந்திருக்கும், பிறகு அடியோடு கிழிந்து வந்துவிட்டது. நூற்றைம்பது லிட்டர் நீரும் கருஞ்சாலையில் ஓடிக் காய்ந்து, தூசியில் படிந்த கோடாக மட்டும் இருந்தது.

டியூப் மாற்றி முடிக்க நடுப்பகல் ஆயிற்று. வெட்டிய கரும்பு வெயிலில் நின்றால் மணிக்கு மணி எடை குறையும். வரிசை தவறிப்போனதால் அவருடைய டிரெய்லர் மறுநாள்தான் எடை மேடையில் ஏறியது. குறைந்த எடைக்கு ஈடாக நான் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. வாஷர் இல்லாமல் மூட்டியதை மறைக்காமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "நேத்தே சொல்லியிருந்தா நான் ஒரு நாளு காத்துட்டு இருந்திருப்பனே, மேஸ்திரி" என்றார். வைதிருந்தால் மறந்துபோயிருக்கும், அந்த வார்த்தை இன்றளவும் என் நெஞ்சில் தங்கிவிட்டது. ரிமில் வெள்ளை எழுத்தில் எழுதிய நான், எதிரே நின்ற மனிதரிடம் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. 'சொல்லி அனுப்பு' என்று பன்னிரண்டு வருஷங்கள் என் காதில் விழுந்த உபதேசம் வெறும் மரியாதையைப் பற்றியதன்று என்பது, விக்கிரவாண்டிச் சாலையோரத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

அதற்குப் பின் நான் ஏற்படுத்திக்கொண்ட வழக்கங்களை இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். நீர் பிடித்து மூடியதும் சக்கரத்தை அரை வட்டம் சுற்றி, வால்வை அடியில் கொண்டுவந்து நிறுத்துவேன். இப்போது நீரின் பாரம் முழுவதும் வால்வின் மேல் நிற்கும். ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்து, உலர்ந்த செய்தித்தாளின் துண்டை வால்வின் வாயில் ஒற்றிப் பார்ப்பேன். காகிதத்தில் ஊசிமுனையளவு ஈரம் தெரிந்தாலும் வண்டி கடையை விட்டு நகராது. வால்வை ரிமோடு பிணைக்கும் நட்டைக் கையால் திருகும் அளவுக்கு மேல் முடுக்கமாட்டேன். அது தளர்ந்திருந்தால்தான் டயர் நழுவும்போது வால்வு சாய்ந்து காட்டும். முறுக்கிவிட்டால் சாயாமலே அறுந்துபோகும். டயரிலும் ரிமிலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயிண்ட் இழுத்து விடுவேன். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் டயர் நழுவியிருக்கிறதென்று ஓட்டுகிறவரே கண்டுகொள்ளலாம். 'வால்வு சாஞ்சிருந்தா வண்டிய எடுக்காதீங்க' என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்வேன்.

வால்வின் மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. தூசி விழாமல் இருக்கத்தானே என்று அதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். உள்ளே ரப்பர் வளையம் வைத்த உலோக மூடி, தூசிக்கு மட்டுமல்லாமல் கசிவுக்கும் இரண்டாவது காவல். 2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை கரை மீறியது. களத்திலும் தோப்பிலும் நின்ற டிராக்டர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதற்கடுத்த மாதம் முழுவதும் என் கடைக்கு வந்த வண்டிகளில் ஒரு விஷயத்தைக் கண்டேன். மூடியிருந்த வால்வுகளைத் துணியால் துடைத்தால் போதுமாயிருந்தது. மூடியில்லாத வால்வுகளில் வண்டல் ஏறி இறுகி, பின்னை எடுப்பதே பிரம்மப் பிரயத்தனமாயிற்று. ஒரு மூடியின் விலை ஒரு டம்ளர் டீயின் விலைதான்.

இப்போது காலம் மாறிக்கொண்டிருக்கிறது. டியூப் இல்லாத டயர்களும் ரேடியல் டயர்களும் வருகின்றன. ரேடியலுக்கு முக்கால் பங்கு நீர் ஆகாது, நாற்பது சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்கிறார்கள். இரும்பு எடைகளைப் புது வண்டியோடேயே தருகிறார்கள். நீர் பிடிக்கச் சொல்லி வருகிறவர்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் நீர் நிரப்பிய பழைய சக்கரங்கள் இன்னும் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன, கைமாறிக்கொண்டுமிருக்கின்றன. அவற்றைக் கழற்றப்போகிற பையனுக்குப் பதினைந்து வயதாக இருக்கலாம். அவனுடைய மேஸ்திரி அன்றைக்கு வெளியூர் போயிருக்கலாம்.

சென்ற வருஷம் கார்த்திகை மாதத்தில், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வாங்கி வந்த பழைய டிராக்டர் ஒன்று என் வாசலில் வந்து நின்றது. வழக்கப்படி தட்டிப் பார்த்தேன். உச்சிக்குச் சற்றுக் கீழே மொத்தென்றது. என்னிடம் தொழில் பழகும் பையனைக் கூப்பிட்டு வால்வைச் சுற்றியிருந்த சேற்றைக் கழுவச் சொன்னேன். ரிமின் துருவுக்கு நடுவே வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது. பாதி உதிர்ந்துபோன எழுத்துக்கள். எங்கள் கடையின் கையெழுத்தன்று, நான் அறிந்த எவருடையதும் அன்று. 'தண்ணி முக்கா' என்றிருந்தது. அதன் கீழே இருந்த மாதமும் வருஷமும் அழிந்துவிட்டன. எங்கோ ஓர் ஊரில் என்னை அறியாத ஒரு தொழிலாளி, என் காலும் இந்தப் பையனின் காலும் தப்ப வேண்டும் என்று எழுதி வைத்த வார்த்தை அது. பையனை அருகில் அழைத்து அதைப் படிக்கச் சொன்னேன். வால்வை அடியில் நிறுத்தி நீரை வடித்து, டியூபை ஒட்டி, புது ஏரிநீர் பிடித்து, காகிதத் துண்டால் ஒற்றிப் பார்த்து முடித்தபின், பிரஷை அவன் கையில் கொடுத்தேன். அந்தப் பழைய எழுத்துக்களின் மேலேயே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டு, கீழே அன்றைய மாதத்தையும் வருஷத்தையும் அவன் குறித்தான்.